பின் பெஞ்சில் ரெண்டு பேர்

எங்க தெருவுக்கும் எதிர்த் தெருவுக்கும் சமாதானம் பண்ணி வைக்க நாடகம் போடுறாங்களாம். போடட்டும், நான் வேண்டாங்கல. ஆனா அந்தச் சமாதானத்துக்கு என் வீட்டுக்காரர்தானா கிடைச்சார்?

அவங்க பாஷை எங்களுக்குப் புரியாது, எங்க பாஷை அவங்களுக்குப் புரியாது. வண்டி நிறுத்துற தகராறுல ஆரம்பிச்சு கல்லெறியில முடிஞ்சுது. என் தையல் கடை ஷோகேஸ் அன்னைக்குத்தான் உடைஞ்சது. இன்னும் அட்டையை ஒட்டி வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். அந்தத் தெரு ஆளுங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.

ரெண்டு பாஷையும் தெரிஞ்ச நாடக டீச்சர் ஒருத்தங்க வந்து, பள்ளிக்கூட ஹால்ல தினம் சாயங்காலம் ஒரு விளையாட்டு வெச்சாங்க. இந்தத் தெருவுல ஒருத்தர், அந்தத் தெருவுல ஒருத்தர், எதிரெதிரா நிக்கணும். ஒருத்தர் கையைத் தூக்கினா இன்னொருத்தர் கண்ணாடியில தெரியற மாதிரி அப்படியே தூக்கணும். பேசக் கூடாது, கண்ணைத்தான் பார்க்கணும். இதையே வளர்த்து மேடை ஏத்துவாங்களாம்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ற என் வீட்டுக்காரருக்கு ஜோடியா வாய்ச்சது அந்தத் தெரு பேக்கரிக்காரி.

ஐயோ, அவர் பார்க்கிற பார்வையைப் பார்க்கணுமே! நான் இடுப்பு வரைக்கும் இருந்த முடியைத் தோளோட வெட்டிக்கிட்டு வந்து நின்னா, "என்ன, புது மூக்குக் கண்ணாடியா?"ன்னு கேட்ட மனுஷன் இவர். அப்புறமும் கண்டுபிடிக்கல. ஆனா அவ புருவம் அசைஞ்சா இவர் புருவமும் அசையுது. அவ சிரிக்கப் போறான்னு அவளுக்கே தெரியறதுக்கு முன்னாடி இவர் சிரிக்கிறார். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. என்னை ஒரே ஒரு தரம் அப்படிப் பார்த்தா கொறஞ்சா போயிடுவார்?

"அது வெறும் விளையாட்டு அண்ணி"ன்னா கூடவே நடிக்கிற என் நாத்தனார்.

"அப்படியா? உங்க அண்ணனை வீட்டுலயும் கொஞ்சம் விளையாடச் சொல்லு"ன்னேன்.

நாடக உடுப்புக்கு அளவெடுக்கணும்னு சாக்கு சொல்லி, தினமும் போய்ப் பின் பெஞ்சுல உட்கார்ந்தேன். அதே பெஞ்சோட அந்தக் கோடியில ஒரு மீசைக்காரர் இருப்பார். பேக்கரிக்காரியோட புருஷன், லாரி ஓட்டுறவர். அவர் மூஞ்சியும் கடுகடுன்னுதான் இருக்கும். கல்லெறிஞ்ச தெருவாச்சேன்னு நான் அந்தப் பக்கம் திரும்பினதே இல்ல.

ஒரு நாள் இவரும் அவளும் உள்ளங்கையை நீட்டினாங்க. நடுவுல ஒரு நூல்தான் இடைவெளி. "ச்சே!"ன்னேன். அந்தக் கோடியிலயும் ஒரு "ச்சே!" கேட்டுது.

"எல்லாரும் பின்னாடி பாருங்க"ன்னாங்க டீச்சர்.

ஹாலே திரும்புச்சு. நான் கன்னத்துல கை வெச்சுக் காலாட்டிக்கிட்டிருக்கேன். மீசைக்காரரும் கன்னத்துல கை, அதே ஆட்டம். சிரிப்பு வெடிச்சுது. மானம் போச்சேன்னு சட்டுன்னு எழுந்தேன், அவரும் எழுந்தார். கைப்பையைத் தூக்கினேன், அவர் தொப்பியைத் தூக்கினார். முறைச்சேன், முறைச்சார். எனக்கே தாங்காம சிரிச்சுட்டேன். மீசைக்கடியில அவருக்கும் பல்லு தெரிஞ்சுது.

"இத்தனை நாள் பழகினவங்க யாரும் இவ்வளவு சுத்தமா பண்ணல. கடைசிக் காட்சி நீங்க ரெண்டு பேரும்தான்!"னாங்க டீச்சர்.

எனக்கு வேற வேலை இல்லையான்னு கேட்க வாயெடுத்தேன். அப்பத்தான் என் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்தேன். அவர் மட்டும் சிரிக்கல. என்னைப் பார்த்தார், மீசைக்காரரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"வா, நேரமாச்சு, வீட்டுக்குப் போகலாம்"னார்.

"நீங்க கொஞ்சம் உட்காருங்க. ஒத்திகை முடியட்டும்."

கைப்பையை அவர்கிட்ட கொடுத்துட்டு மீசைக்காரர் எதிர்ல போய் நின்னேன். கல்லெறிஞ்ச தெருவோ என்னவோ, என் வயித்தெரிச்சல் அப்படியே அந்த மனுஷன் கண்ணுல இருந்துச்சு. பாஷை மாத்திச் சொல்ல ஆளே தேவைப்படல. நான் கையைத் தூக்கினேன், அவரும் தூக்கினார்.

ஓரக்கண்ணால பார்த்தா, பின் பெஞ்சுல என் இடத்துல என் வீட்டுக்காரர். என் பையை மடியில வெச்சுக்கிட்டு, இமைக்காம என்னையே பார்த்துக் காலாட்டிக்கிட்டிருந்தார்.

"ஏய், முடி வெட்டிக்கிட்டியா?"ன்னு அங்கிருந்தே கத்தினார்.

பேசக் கூடாதே! நான் மீசைக்காரர் கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னேன்.