இரண்டு கோட்டுக்குச் சர்க்கரை

1

இந்தக் கதை என் வாயில் கிடந்த ஒரு சிட்டிகைச் சர்க்கரையிலிருந்து வந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன். பெயர்களெல்லாம் நான் வைத்தவை.

தொடக்கம் ஒன்று: அட்டுவம்பட்டியில் அன்று பனி இறங்கி— (வேண்டாம். கொடைக்கானல் என்றாலே பனியில்தான் தொடங்க வேண்டுமா?)

தொடக்கம் இரண்டு: சர்ச் ஹாலில் பெண்களுக்கு மருத்துவ முகாம். நர்ஸ் ஜெயப்பிரியா விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒரு சொட்டு ரத்தம்தான்க்கா. எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சக்காமாலை பி, மூணும் இது ஒண்ணுலயே வெரசா தெரிஞ்சுரும். மொதக் கோடு எல்லாருக்கும் வரும். அது மட்டும் வந்தா ஒண்ணுமில்ல. கூட இன்னொரு கோடு வந்தா நான் தனியாக் கூப்பிட்டுப் பேசுவேன்."

அவள் இதைச் சொன்னபோது சூசையம்மாள் வெளியே எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.*

* நடந்ததெல்லாம் இந்த ஒரு வரியால் நடந்தது. அழித்துவிட்டால் கதை இல்லை. அழிக்கத்தான் ஆசை.

2

ஃபெமினா, சூசையம்மாளின் மருமகள். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின. மூன்றாவது இப்போது தங்கியிருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் ஆக்னலிடம்கூட. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் அவளுடைய பட்டை. நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட வாசலுக்குப் போன நேரம், சூசையம்மாள் மருமகளுக்கு டீயோடு நுழைந்தாள். பட்டையைக் குனிந்து பார்த்தாள். மெடிக்கலில் விற்கும் கர்ப்பப் பட்டை அவளுக்குத் தெரியும். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு என்றால் உண்டு.

இரண்டு கோடு.

"மாதாவே! கள்ளி, எங்கிட்டயே மறைச்சிட்டியேடி?"

"அத்தே, அது வந்து..."

"பேசாத. அசையாத. அப்படியே கெட."

சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசை முழுக்கப் போனாள். "வாயத் தொறங்கடி! எம் மருமக உண்டாயிருக்கா!"

"டப்பாவக் காலி பண்ணிட்டா எங்க டீக்கு என்னக்கா பண்றது?" என்றாள் ஒருத்தி.

"ஒரு நா கசப்பாக் குடிச்சா செத்தா போயிருவ?"

என் வாயிலும் போட்டாள். நர்ஸ் பேசியதை முன்வரிசையில் நின்று கேட்டவள் நான். ஜெயப்பிரியாவைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றப் போனவள் பாதியில் விட்டு நின்றாள்.

3

கதவைச் சாத்திவிட்டார்கள். இனி வருவது நான் கேட்டதல்ல, கட்டியது.

"ஒங்க அத்தை சொன்னது நெசமா?"

"ரெண்டு மாசம் சிஸ்டர். ஆனா இந்தக் கோடு அதுக்கில்லைல்ல?"

"இல்லம்மா. இது சிபிலிஸ். மேகநோய்னு சொல்லுவாங்க. முன்னால ரெண்டு போனதுக்கும் இது காரணமா இருந்திருக்கலாம்."

இத்தனை நாளும் ஃபெமினா பப்பாளியைச் சந்தேகப்பட்டிருந்தாள்.

"குணமாயிரும்மா. டாக்டரம்மா இருக்காங்க, ஊசி இன்னிக்கே போட்டா புள்ளையக் காப்பாத்திரலாம். பெரிய ஆஸ்பத்திரில இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா ஒங்க வீட்டுக்காரருக்கும் பாக்கணும். அவருக்கு இருந்து, வைத்தியம் பாக்காம விட்டா திரும்ப ஒங்களுக்கு வந்துரும்."

"மொத ஊசியப் போடச் சொல்லுங்க" என்றாள் ஃபெமினா.

4

ஆக்னலை முதலில் ஒட்டன்சத்திரத்துக்குக் கேரட் ஏற்றிப் போகும் லாரி டிரைவராக எழுதினேன். உடனே நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள், எனக்குக் கேட்டது. அடித்துவிட்டு, கோயிலில் பாட்டுப் பாடுகிறவனாக மாற்றினேன். உடனே திரும்பி ஃபெமினாவைப் பார்த்தீர்கள். இரண்டாவது கோட்டைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

இப்போது அவன் ஒரு காட்டேஜில் தோட்ட வேலை பார்க்கிறான். ரோஜாச்செடியை வைத்து என்ன ஊகிப்பீர்கள்?

(யாரிடமிருந்து யாருக்கு, எப்போது வந்தது என்று பட்டை சொல்லாது. கல்யாணத்துக்கு முன்னாலேயேகூட இருந்திருக்கலாம். நானும் சொல்ல மாட்டேன்.)

5

சூசையம்மாள் போன் போட்டுவிட்டாள். ஆக்னல் ஹோம்மேட் சாக்லேட் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தபடி ஃபெமினா வெளியே வந்தாள்.

"இப்படி உக்காருங்க. சிஸ்டர் ஒங்க வெரல்ல ஒரு சொட்டு எடுப்பாங்க."

"எனக்கெதுக்கு? நானா முழுகாம இருக்கேன்?"

வரிசையே சிரித்தது. சூசையம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முடிவு ஒன்று: "அப்பா ஆகப்போற எல்லாருக்கும் எடுக்குறதுதான்" என்கிறாள் ஜெயப்பிரியா. அவனும் விரலை நீட்டுகிறான். யாருக்கும் எதுவும் தெரியாமல்— (அவனுக்காவது தெரிய வேண்டுமே.)

முடிவு இரண்டு: எல்லார் முன்னாலும் ஃபெமினா— (கை வரவில்லை.)

முடிவு மூன்று: ஆக்னல் எழுந்து—

ஊசி போட்டாயிற்று. அதை மாற்ற உங்களுக்கும் அனுமதி இல்லை. ஆனால் அவன் விரலை நீட்டாவிட்டால் அந்த ஊசி எத்தனை நாளைக்குத் தாங்கும்? மேஜைமேல் புதுப் பட்டை பிரித்து வைத்திருக்கிறது. ஃபெமினா அவன் காதருகே குனிகிறாள். என்ன சொல்லட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெரசா சொல்லுங்கள். சூசையம்மாள் சாக்லேட் பெட்டியைப் பிரித்துவிட்டாள். அடுத்தது உங்கள் வாய்தான்.