மங்கலத்தின் முகம் கோர்ட்டுக்குப் போனது

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றிரண்டு, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மங்கலத்தின் முகம் மரக்கடை பூதலிங்கத்தின் மோட்டார் வண்டி முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. சாலைக் கடைத்தெருவில் அன்று அரிசி விலை ஏறியிருந்தது, மழை இல்லை. மங்கலம் நாஞ்சில் நாட்டுக்காரி, அரிசி மண்டியில் கணக்கெழுதும் பகவதிப்பெருமாளின் மனைவி, இருபத்திரண்டு வயது. இடுப்பில் இருந்த இரண்டு வயது மகள் பாகீரதி ஏதோ மழலை சொல்ல, அதற்குச் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்தாள். டிரைவர் சுப்பு எதிர்க்கடையில் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டிவந்ததாகப் பின்னால் அவனே ஒப்புக்கொண்டான். பிள்ளையை அரிசி மூட்டைமேல் வீசுவதற்கு மட்டும் மங்கலத்துக்கு நேரம் கிடைத்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. உடைந்ததெல்லாம் அவள் முகம்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்மால் ஆனதையெல்லாம் செய்தார். கட்டை அவிழ்த்தபோது மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மேலுதடு தையலில் இழுபட்டு ஏறியிருந்தது, வலது கண் பாதிதான் திறந்தது. அதே நாட்களில் பூதலிங்கத்தின் வீட்டு முற்றத்தில் சுப்பு அந்தக் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான், புளி போட்டுத் தேய்த்தான், கடைசியில் மண்ணெண்ணெயும் ஊற்றிப் பார்த்தான். முகம் போகவில்லை. மூக்குத்தியும் அதுவுமாக, பிள்ளையைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்போடு அது கண்ணாடிக்குள் இருந்தது. அவ்வப்போது இமைத்தது, பேச மட்டும் செய்யவில்லை. முகத்துக்கு ஊடாக ரோட்டைப் பார்த்து ஓட்டக் கூச்சமாக இருக்கிறது என்று சுப்பு சொன்னதால், கண்ணாடியைக் கழற்றி மரக்கடையில் சாய்த்து வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மங்கலத்தைப் பார்த்துப் பாகீரதி வீறிட்டு அழுதாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், சரியாகவில்லை. தாய் ஊட்டினால் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தது. அப்பாவோடுதான் படுத்தது. பகவதிப்பெருமாள் கெட்டவன் அல்ல, ஆனாலும் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டான். ஒருநாள் அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மரக்கடைப் பக்கம் போனபோது, அது கண்ணாடியை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, “அம்மை! அம்மை!” என்று துள்ளியது. அன்றே மங்கலம் தலையில் முக்காடிட்டுக்கொண்டு கோட்டைக்குள் குடியிருந்த வக்கீல் நாகேஸ்வரனைப் பார்க்கப் போனாள்.

“நஷ்டஈடு கேக்க எல்லா முகாந்திரமும் இருக்கு,” என்றார் வக்கீல். “பெரிய தொகையாவே கேக்கலாம்.”

“எனக்கு ரூவா வேண்டாம் சாரே. எனக்க மொகத்த வாங்கித் தந்தாப் போரும். எனக்க பிள்ளை எங்கிட்ட வரணும்.”

“கோர்ட்டுக்குப் பணத்தைத் தவிர வேற எதுவும் குடுக்கத் தெரியாதும்மா.”

அவள் எழுந்திருக்கவில்லை. வக்கீலுக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். முகத்தையே கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்குகள் எந்த வேகத்தில் நடக்குமோ அந்த வேகத்தில் இதுவும் நடந்தது. இதற்கிடையில் சரஸ்வதி பூஜை வந்தது. பூதலிங்கத்தின் மனைவி சிவகாமியம்மாள் வழக்கம்போல மரமறுக்கும் வாள், ரம்பம், தராசு, மோட்டார் வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்து, சாய்த்திருந்த கண்ணாடிக்கும் வைத்தாள். பொட்டு மிகச் சரியாக முகத்தின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. முகம் இமைத்தது. சிவகாமியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ எண்ணெய் கொண்டுவந்தார்கள், அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாலை. கண்ணாடியில் வீற்றிருக்கும் பகவதி என்றால் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பூதலிங்கம் மரக்கடையின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, பூஜை செய்ய ஒரு போற்றியையும் ஏற்பாடு செய்தான். முகத்தைக் கேட்டு வழக்கு நடக்கும்போது இப்படி ஒரு பக்தி வந்தது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

மூன்றாம் வருஷம் கண்ணாடி கோர்ட்டுக்கு வந்தது. பெஞ்சில் ஏற்றினால் விழுந்துவிடும் என்று சேவகன் அதைத் தரையிலேயே சாய்த்து வைத்தான். நாகேஸ்வரன் பாகீரதியைக் கூட்டிவரச் செய்து, “உங்கம்மா எங்கேடி கொழந்தே?” என்று கேட்டார். பிள்ளை நேராக ஓடிப்போய்க் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, “அம்மை,” என்றது. முக்காட்டுக்குள் நின்ற மங்கலம் தன்னை மறந்து, “என்ன மக்களே?” என்று பதில் கொடுத்துவிட்டாள். பேசியது கண்ணாடிதான் என்று பிள்ளை நினைத்தது. மூன்று வருஷமாக யாரும் பார்த்திராத ஒரு சந்தோஷம் அதன் முகத்தில் வந்தது. கோர்ட்டில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முகம் யாருடையது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இல்லை; வழக்கு ஜெயித்தாயிற்று என்று நாகேஸ்வரன் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. மங்கலம் பிள்ளையிடம் போக ஓரடி முன்னால் வைத்தாள். கால் கண்ணாடியின் ஓரத்தில் பட்டுவிட்டது. புத்தகத்தில் கால் பட்டால், நெல்லில் கால் பட்டால், அடுத்தவர் மேல் கால் பட்டால் பிறந்ததிலிருந்து என்ன செய்தாளோ அதையே செய்தாள். சட்டென்று குனிந்து, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

எதிர்க்கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். “பிராதுக்காரியே கும்பிடறதை கோர்ட்டார் கண்டாச்சு. இனி இது முகமில்லை, மூர்த்தி. சட்டத்தில் மூர்த்தி ஒரு மைனர். மைனரைக் கண்டவங்க கையில் பிடிச்சுக் கொடுக்க முடியாது.”

கால் பட்டதற்குத்தான் ஒற்றிக்கொண்டேன் என்று மங்கலம் சொல்லிப் பார்த்தாள். முக்காட்டுக்குள் அழுகையோடு சொன்னது யாருக்கும் சரியாக விளங்கவில்லை. தீர்ப்பில் ஜட்ஜி மிகவும் வருத்தப்பட்டிருந்தார். பணம் கேட்டிருந்தால் தயங்காமல் கொடுத்திருக்கலாம், கேட்கவில்லை. கேட்ட பொருளோ இப்போது தெய்வம். அதன் கார்டியன் பூதலிங்கம். ஆனாலும் முகம் முன்பு இவளுடையதாக இருந்தபடியால், வெள்ளிக்கிழமை தோறும் முதல் பாயசம் வாழையிலையில் இவளுக்கே கொடுக்கப்பட வேண்டும். நஷ்டஈடாக மங்கலத்துக்குக் கிடைத்தது அந்த வாழையிலைப் பாயசம்தான்.

அவள் அதை வாங்க ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. வாங்கிக்கொண்டு பலகைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பகவதிப்பெருமாள் பாகீரதியைக் கூட்டிவந்து முன்னால் விடுவான். பிள்ளை கூப்பிடும், பின்னாலிருந்து மங்கலம் பதில் சொல்வாள். சாப்பிட்டியா, சளி போச்சா, பள்ளிக்கூடத்துல யாரு அடிச்சா என்று கேட்பாள். வீட்டில் அவள் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், பிள்ளைக்கு அந்தக் குரலும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம். ஆறு நாள் ஊமையாகச் சோறு பொங்கி, துணி துவைத்து, ஏழாம் நாள் மரப்பலகையிடம் வாயைத் திறந்த அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பகவதி பேசுகிறாள் என்று கூட்டம் கூடியது. போற்றி அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

பாகீரதி வளர்ந்தாள், மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தாள், வயசுக்கு வந்தாள். அதையும் அவள் முதலில் கண்ணாடியிடம்தான் சொன்னாள். எப்போது அவளுக்கு விஷயம் புரிந்தது என்று யாருக்கும் தெரியாது. புரியாமல் இருந்திருக்க வழியில்லை. கல்யாணச் சேலையில் வந்து நின்றபோது கண்ணாடியில் இருந்த முகமும் அவளும் அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். “அம்மை, நான் போயிட்டு வாறேன்,” என்றாள். “நல்லா இரி மக்களே,” என்றது குரல். பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போக நாலு எட்டு. அவள் ஒரு நிமிஷம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

ஆயிரத்து நூற்று இருபத்தொன்றில், மார்கழியில், நாலு நாள் காய்ச்சலில் மங்கலம் செத்துப்போனாள். அன்று காலை போற்றி நடை திறந்தபோது கண்ணாடி வெறும் கண்ணாடியாக இருந்தது. பார்த்தவர்களுக்கு அவரவர் முகம் தெரிந்தது. அதற்கே பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், பூஜை நிற்கவில்லை. வீட்டில் பிரேதத்தைக் குளிப்பாட்டிய பெண்கள் மஞ்சள் பூசும்போதுதான் கவனித்தார்கள். தையல் இல்லை, மூக்கு நேராக இருந்தது. நரைத்த தலைக்குக் கீழே இருபத்திரண்டு வயது முகம், சற்றே சிரித்தபடி. சாமான் வந்து சேர்ந்துவிட்டது என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, மீதி மஞ்சளையும் பூசினார்கள்.

நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கிய பாகீரதி தலைமாட்டில் உட்கார்ந்தாள். நினைவு தெரிந்து அந்த முகத்தை அவள் கையால் தொட்டது அன்றுதான். கன்னத்தைத் தொட்டாள், மூக்குத்தியைத் தொட்டாள். குனிந்து, “அம்மை,” என்று கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். பாடையில் எடுத்து வைக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். முகம் அழகாக இருந்தது.