அதட்டாத தலைமை

மருந்துப் பெட்டிகளுக்கு அட்டையும் உள்ளே வைக்கும் விளக்கச் சீட்டும் அச்சடிக்கிற அந்த நிறுவனத்தில், எட்டு மாதமாக ஒரு பெண் கூட்ட அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். வாசல் காவல்காரர் முதல் கணக்காளர் வரை எல்லோருக்கும் அவள் 'ஆராய்ச்சியம்மா'.

நிறுவனங்களில் தலைமை எப்படி நடக்கிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஒரு மேலாளரின் பின்னாலேயே அலைய வேண்டும், அவர் நடத்தும் கூட்டங்களில் உட்கார வேண்டும், கண்டதை எழுதிக்கொள்ள வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கருத்து என்று எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது, ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை ஆட்டு, அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார். தலையாட்ட அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. வீட்டில் மாமியார் எதைச் சொன்னாலும் தலையாட்டியே நல்ல மருமகள் என்று பெயர் வாங்கியவள் அவள். சொன்னதைச் செய்கிறாளா என்பதை மாமியார் இன்னும் கவனிக்கவில்லை.

அந்த மேலாளருக்கு முன்பெல்லாம் 'இடி' என்று பட்டப்பெயராம். அவர் குரல் கேட்டால் அச்சு இயந்திரமே நின்றுவிடும் என்று கிண்டல் செய்வார்கள். அவள் பார்த்த மனிதரோ வேறு. எல்லோரையும் பேசவிடுவார், கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார், பிறகு மெதுவாக முடிவைச் சொல்வார். அவள் சொக்கிப்போய், ஆய்வுக்கு 'அதட்டாத தலைமை' என்றே தலைப்பு வைத்தாள். பேராசிரியரும் பூரித்துப்போனார்.

கடைசி நாள். இறுதிப் பேட்டிக்காக மேலாளரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையோடு சீட்டு மடிக்கும் பிரிவை மூடுகிறார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது இன்னும் எதுவும் தெரியாத பதினெட்டுப் பெண்களின் கையிலும் வேலைநீக்கக் கடிதம் கொடுக்கப்படும். மதியச் சாப்பாட்டுக்கு அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். ஆனால் ஆய்வாளர் கருத்துச் சொல்லக் கூடாதே. கேள்வியாக மட்டும் கேட்டாள்.

"சார், மடிப்புப் பிரிவை மூடணும்னு எப்படி முடிவுக்கு வந்தீங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னம்மா, இன்னும் சோதிக்கிறீங்களா? நீங்கதானே முடிவு பண்ணீங்க!"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"தலைமையகம் அனுப்பின ஆளுன்னு மொத நாளே புரிஞ்சிடுச்சு. ஆராய்ச்சி அது இதுன்னு யார் காதுல பூ சுத்துறீங்க? ஒவ்வொரு கூட்டத்துலயும் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பேசுவேன். பிரிவ மூடிடலாம்னேன், தலையாட்டினீங்க. அதுக்கு முன்னாடி, ரெண்டு ஷிஃப்டையும் ஒண்ணாக்கி யாரையும் அனுப்பாம சமாளிக்கலாம்னு சொன்னேன்ல? நீங்க நிமிந்துகூடப் பாக்கல. பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பேனாவில் மை தீர்ந்துபோயிருந்தது. வேறு பேனா தேடிக் கைப்பைக்குள் தலையை விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

"ஐயோ சார், நான் வெறும் மாணவி! என்னை யாரும் அனுப்பல!" பல்கலைக்கழக அடையாள அட்டையை மேசைமேல் வைத்தாள். "பேசறவங்க தயங்காம பேசணும்னு தலையாட்டுவோம். சரின்னு அர்த்தமே இல்ல சார்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கேட்டார்.

"அப்போ எட்டு மாசமா இங்க யாரும்மா முடிவெடுத்தது?"

எழுதி முடித்த அத்தியாயங்கள் அத்தனையும் அவள் கண்முன் வந்தன.

"இன்னும் கடிதம் கொடுக்கல சார். நிறுத்திடலாம்."

"எப்படிம்மா? துணிச்சலான முடிவுன்னு தலைமையகத்துல பாராட்டியாச்சு. இப்போ போய் என்ன சொல்ல? படிக்கிற பொண்ணு ஒண்ணு தலையாட்டுச்சு, நானும் ஆடிட்டேன்னா?"

"பதினெட்டுப் பேரு சார்!"

"எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்கும்மா."

இதையும் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த மென்மையைத்தான் அவள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து தள்ளியிருந்தாள். நினைக்கவே உடம்பு கூசியது.

அறையில் கேட்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் அவள் நிறுவனத்துக்குள்ளேயே வந்திருந்தாள். மீறினால் பட்டம் அவ்வளவுதான்; மூன்று வருட உழைப்பு பாழ். படியிறங்கும்போது அதைத்தான் நினைத்தாள். ஆனாலும் இறங்கினாள்.

மடிப்புப் பிரிவில் நீள மேசையைச் சுற்றிப் பெண்கள் அன்றைய கடைசிக் கட்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் பெண்மணி நிமிர்ந்தாள். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவள் அக்கா. ஆராய்ச்சியம்மா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள், பேனா தேடியது உட்பட.

ஒருத்தி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் மட்டும் மடித்த சீட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, "பேனா இல்லாததுக்கா எங்க பொழப்பு போச்சு?" என்று கேட்டாள். ஆராய்ச்சியம்மா குனிந்து அந்தச் சீட்டை எடுத்தாள்.

அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "உங்கள விடுங்க. வெளியிலேர்ந்து வந்த உங்க மூஞ்சியப் பாத்தாரு. கூப்பிடு தூரத்துல இருக்கோம், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே அவருக்கு!"

முக்காலிகள் தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். ஆராய்ச்சியம்மாவும் பின்னாலேயே கிளம்பினாள். அக்கா திரும்பி, கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

"நீங்க வேணாம்மா. நீங்க வந்தா மறுபடியும் உங்க மூஞ்சியத்தான் பாப்பாரு. இன்னிக்கு எங்க மூஞ்சியப் பாக்கட்டும்."

பதினெட்டுப் பேரும் படியேறினார்கள். மடிக்காத சீட்டுகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள்.