மதார் கட்சி மாறுகிறார்

லெப்பைக்குடிகாட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் குடும்பம் பார்ப்பார்கள், வேலை பார்ப்பார்கள், ஜமாஅத்தில் விசாரிப்பார்கள். மதார் அதையெல்லாம் மனைவி நஜ்முன்னிசாவிடம் விட்டுவிட்டார். அவர் கேட்பது ஒன்றுதான். மாப்பிள்ளை தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டென்னிஸ் மேட்ச் பார்க்க வேண்டும். துபாயில் ஒரு டென்னிஸ் மைதானத்தில் வலை கட்டுவதும் தண்ணீர் பாட்டில் அடுக்குவதுமாகப் பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். மேட்ச் பார்க்கும்போது ஒருத்தன் எப்படியோ, வீட்டிலும் அப்படித்தான் என்பது அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஞானம். அதற்குப் பதில் நாலு வளையல் கொண்டுவந்திருக்கலாம் என்பது நஜ்முன்னிசாவின் கருத்து.

மகள் ருமைசாவுக்கு இரண்டு இடம் வந்திருந்தது. ஒன்று, பெரம்பலூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அல்தாப். பக்ரீத்துக்கு மறுநாள் பாரிஸ் டென்னிஸ் பைனலுக்கு வந்து உட்கார்ந்து, மதார் சிரித்தால் சிரித்து, உச்சுக்கொட்டினால் உச்சுக்கொட்டி, பிரியாணியையும் புகழ்ந்துவிட்டுப் போனான். மதாருக்குத் திருப்தி. ருமைசா அன்று தலைவலி என்று சொல்லிச் சின்னம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இன்னொன்று உசாமா. அரியலூர்க்காரன், ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். உறவுக்காரர் நிக்காஹில் ஜன்னல் வழியாக அவனை அவள் பார்த்திருந்தாள். பந்தியில் தன் சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல், பக்கத்தில் இருந்த பல் போன பெரியவருக்குக் கறியிலிருந்து எலும்பைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது. ரொம்பவே பிடித்துப்போனது. ஆனால் அவனுக்கு டென்னிஸ் என்றால் பந்து மஞ்சளாக இருக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. விம்பிள்டன் பைனலுக்கு வரச்சொல்லி மதார் ஆள் அனுப்பியிருந்தார். மறுநாள் காலை இரண்டில் ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

ருமைசா அவனுக்குப் போனிலேயே பாடம் எடுத்தாள். பாடம் சுலபமாக இல்லை. அத்தா மதார் யார் கட்சி என்பது அவருக்கே நிலையில்லாத விஷயம். சுவிட்சர்லாந்துக்காரர் எல்லாரையும் வெளுத்து வாங்கிய காலத்தில் அவர் இடதுகை ஸ்பெயின்காரர் பக்கம் இருந்தார். இடதுகைக்காரர் பாரிஸைக் குத்தகைக்கு எடுத்ததும் செர்பியாக்காரர் பக்கம் போனார். செர்பியாக்காரர் கோப்பைகளை அள்ள ஆரம்பித்ததும், இவனுக்கு என்ன இவ்வளவு பேராசை என்று திட்டிவிட்டு சுவிஸ்காரரிடம் வந்து சேர்ந்தார். விம்பிள்டனில் கைக்கெட்டிய கோப்பையை அந்த சுவிஸ்காரர் நழுவவிட்ட அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்புறம் ஸ்பெயினிலிருந்து இன்னொரு பையன் முளைத்து செர்பியாக்காரரைச் சாய்த்தபோது, பத்து வருஷம் திட்டித் தீர்த்த அதே செர்பியாக்காரருக்காக அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்ப அந்த ஸ்பெயின் பையனும் ஒரு இத்தாலிக்காரனுந்தாங்க மாறி மாறி மேல இருக்காங்க. பாரிஸ்ல இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தா கப்புங்கிற எடத்துல மூணு தடவ நின்னுட்டுத் தோத்தான் இத்தாலிக்காரன். அதனால அத்தா இப்ப இத்தாலி. நீங்களும் இத்தாலி. மறந்துடாதீங்க.”

“இத்தாலி, இத்தாலி” என்று உசாமா மனப்பாடம் செய்தான்.

அத்தாவைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் எந்த மேட்சையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு செட் முடிவதற்குள் தூங்கிவிடுவாள். முடிவைக் காலையில் அத்தா முகத்தில் தெரிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை இஷா தொழுகை முடிந்து இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். டீப்பாயில் சமோசா, அதன் பக்கத்தில் உசாமாவின் போன். அடுக்களைத் திரைக்குப் பின்னால் ருமைசா. முதல் செட்டை ஸ்பெயின்காரன் எடுத்தான். மதார் தொடையில் அடித்துக்கொண்டார். உசாமாவும் அடித்துக்கொண்டான், கொஞ்சம் தாமதமாக. இரண்டாவது செட்டை இத்தாலிக்காரன் எடுத்ததும் இருவரும் கைதட்டினார்கள். ருமைசாவுக்கு உயிர் வந்தது.

மூன்றாவது செட்டும் இத்தாலிக்காரனுக்கே போனது. உசாமா மட்டும் கைதட்டினான். மதார் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பாவம், அந்தப் பய மூஞ்சியே வாடிப்போச்சு” என்றார்.

அடுக்களையில் நஜ்முன்னிசா டீயை ஆற்றியபடி, “முடிஞ்சுது. உங்கத்தா அந்தப் பக்கம் போயிட்டாங்க” என்றாள்.

“மேட்ச் நடக்கும்போதேவா?”

“பாரிஸ் மேட்சுலயே அப்புடித்தான் தாவுனாங்க. நீதான் தலைவலின்னு ஓடிட்டியே.”

கூடத்தில் உசாமா, படித்த பாடம் தப்பாமல், இத்தாலிக்காரனின் ஒவ்வொரு பாயிண்டுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தான். மதார் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ருமைசா திரையை விலக்கிக் கையைக் காலை ஆட்டிப் பார்த்தாள். அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் போனில் தட்டி அனுப்பினாள்.

டீப்பாயில் போன் வெளிச்சம் போட்டது. பக்கத்தில் இருந்தவர் மதார். சமோசா எடுக்கக் குனிந்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கே கேட்கும்படி வாசித்தார்.

“அத்தா கட்சி மாறிட்டாங்க. நீங்களும் சீக்கிரம் மாறுங்க.”

ருமைசா திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் வாழ்க்கையைத் தானே கெடுத்துக்கொண்டோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“என்ன தம்பி இது?”

உசாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க மாமா. எனக்கு டென்னிஸே தெரியாது. அவங்கதான் போன்ல சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க இத்தாலின்னாங்க.”

“சரி, இப்ப நான் ஸ்பெயினு. மெசேஜும் வந்துருச்சு. மாறிக்கிறீங்களா?”

உசாமா டிவியைப் பார்த்தான். இத்தாலிக்காரன் கோப்பைக்காக சர்வீஸ் போட வந்து நின்றான்.

“இல்ல மாமா, மாறல.”

திரைக்குப் பின்னால் நஜ்முன்னிசா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஏன்?”

“இந்தாளு பாரிஸ்ல தோத்த கதைய அவங்க சொல்லிச் சொல்லி, எனக்கு இவர ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஷிப்டு நடுவுலகூட இவர் நெனப்பு வருது. அங்க தோத்து நின்னாரு, இப்ப ஜெயிக்கப் போறாரு. ஜெயிக்கிற நேரத்துலயும் கூட ஒருத்தன் இருக்கணும்ல மாமா? இப்ப எப்புடி வுட்டுட்டுப் போறது?”

மதாருக்கு இது புதிய விஷயம். தோற்றவனைத் தேடித் தேடி ஓடியதில், ஜெயித்த எவன் கூடவும் அவர் கடைசிவரை இருந்ததில்லை.

இத்தாலிக்காரன் கடைசிப் பந்தை முடித்தான். உசாமா எழுந்தே நின்றுவிட்டான். கண்ணில் நீர் நிற்க, பயம் மரியாதை எல்லாம் மறந்து கைதட்டினான். மதார் தோற்ற பையனுக்காகப் பெருமூச்சு விட்டார். பிறகு உசாமாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, சமோசாத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“நஜ்மு, காலைல பெரம்பலூருக்கு ஒரு போனப் போடு. பதமாச் சொல்லு, வேற எடம் பாத்துக்கட்டும்னு.”

“அந்தத் தம்பிக்கு என்ன கொறைங்க? உங்களுக்குத்தான் அவ்வளவு புடிச்சுதே?”

“கொறை ஒண்ணுமில்ல. நான் தாவுனா அதுவும் கூடவே தாவுச்சு” என்றார் மதார். “இந்த வூட்ல கட்சி மாற நான் ஒருத்தன் போதும்.”