பாதி ஷட்டர்

மூன்று முறை வெட்டியெடுத்தும் ஆஸிமின் ஜவுளிக்கடை ஷட்டர் விடிவதற்குள் மேலிருந்து வளர்ந்து இடுப்பு உயரத்தில் வந்து நின்றது. வெட்டியவர் அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தராசு. முதல் துண்டால் தன் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டார். இரண்டாவதால் பக்கம் அடைத்தார். மூன்றாவது துண்டு வந்தபோது அவரிடம் ஆடு இல்லை.

ஷட்டர் முதன்முதலில் பாதியில் சிக்கி நின்றது 2021 ரம்ஜானுக்கு முந்தின நாள். பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் ஊரடங்கு வந்துவிட்டது. எதிர்க்கடை ஜெக்கரியாவுடையது; அவர் ஆஸிமின் அக்காள் ஹமீதா பானுவின் கணவர். ஆஸிம் துணி மடிக்கக் கற்றதே அவரிடம்தான். ஜெக்கரியா பெருநாள் சரக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கடைக்கு மேலே இருந்த வீட்டு ஜன்னலில் உட்கார்ந்தார். ஆஸிம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தார். ஜனங்கள் குனிந்து போனார்கள். சட்டைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் துணியை மறைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நாற்பத்தோராவது ஆள் குனிந்தபோது ஜெக்கரியா பெயர் சொல்லாமல் போலீசுக்குப் போன் செய்தார். வந்த காவலர் மூடச் சொல்லி ஷட்டரை லத்தியால் ஒரு தட்டு தட்டினார். அது இறங்கவில்லை. பிறகு ஏறவும் இல்லை.

ஆனி மாதம் தடைகள் தளர்ந்தன. ஏசி போடாமல் ஜவுளிக்கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். ஜெக்கரியா கடையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, ஷட்டரை முழுக்க ஏற்றிவிட்டு சானிடைசர் புட்டியோடு வாசலில் நின்றார். இரண்டு மாதம் அடைந்து கிடந்த ஊர் கடைத்தெருவுக்கு வந்தது. அவர் கடையை நின்று பார்த்தது. பிறகு ஆஸிமின் கடைக்குள் குனிந்து போனது. அங்கே தளர்வு வந்திருக்கவில்லை. ஷட்டரைத் தாண்டியதும் எல்லோருக்கும் குரல் தாழ்ந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, சாதாரணத் துண்டுகூட இனிமேல் கிடைக்காத பொருளாகக் கைக்கு வந்தது. இரண்டு கடைக்கும் சரக்கு ஈரோட்டில் ஒரே ஆளிடம் எடுத்ததுதான். விலையும் ஒன்றுதான்.

ஜெக்கரியாவும் தன் ஷட்டரைப் பாதி இறக்கிப் பார்த்தார். பூக்கடை ராசம்மாள் பதறிக்கொண்டு வந்தார்.

"யாரு பாய் தவறிட்டாங்க?"

"யாருமில்லம்மா."

"பின்ன ஏன் கடைய பாதி சாத்தி வச்சிருக்கீங்க?"

பின்னாலேயே பள்ளிவாசலிலிருந்தும் நாலு பேர் விசாரிக்க வந்தார்கள். அவர் ஏற்றிவிட்டார். ஆஸிம் கடை ஷட்டரை முதல் இரண்டு முறை வெட்டச் சொன்னது ஆஸிம்தான். மூன்றாவது முறை கோவிந்தராசுவை ரகசியமாக அனுப்பியவர் ஜெக்கரியா. வேரோடு எடுக்கச் சொன்னார். "இது என்ன பல்லா பாய்?" என்றார் கோவிந்தராசு.

அதற்குப் பின் தடுப்பூசி வந்தது, முகக்கவசம் போனது, பள்ளிக்கூடம் திறந்தது, ஆற்றில் இரண்டு வருஷம் நல்ல தண்ணீர் வந்தது. ஜெக்கரியா கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டார். ஒருநாள் ஹமீதா பானு புது நைட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

"நம்ம கடையில இல்லையா?"

"இருக்குங்க. இதே பூ, இதே கலரு. நம்ம கடையில நிமுந்து நின்னு எடுத்தா, எடுத்த மாதிரியே இல்லங்க."

அவர் அதை உடுத்திக்கொண்டு கல்யாணமான வருஷத்து முகத்தோடு வீட்டுக்குள் நடமாடினார். அந்த முகத்தை வரவழைக்க ஜெக்கரியா இருபது வருஷமாகத் துணி கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

2023 ரம்ஜானுக்கு முந்தின நாள், அசர் தொழுகை முடிந்து வந்தவர் தன் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவைக் கடந்தார். ராசம்மாள் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தலை பத்திரம் மச்சான்," என்றது உள்ளிருந்து ஆஸிமின் குரல்.

முதுகு பிடித்தது. உள்ளே போனதும் அவருக்கும் குரல் தாழ்ந்தது.

"அன்னைக்கிப் போன் போட்டது நாந்தான்."

"தெரியும் மச்சான். ஊர்ல வேற யாரு ஜன்னல்ல உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தா? கைலி பாக்குறீங்களா?"

நீலக் கட்டம் போட்ட கைலி. அதே கைலி பன்னிரண்டு அவர் கடை அலமாரியில் இருந்தது. வாங்கிச் சட்டைக்குள் செருகினார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவை ஓடிக் கடந்தார். வாசலில் நின்ற ஹமீதா பானு அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்னங்க அது?" என்றார். "சத்தம் போடாத," என்றார் ஜெக்கரியா.

பெருநாள் கழிந்து அதை மடித்துத் தன் பன்னிரண்டோடு வைத்தார். சாலியமங்கலத்திலிருந்து வந்த ஒருவர் பன்னிரண்டையும் தள்ளிவிட்டு அதையே இழுத்தார். "அது விக்கிறதுக்கில்ல," என்றார் ஜெக்கரியா. வந்தவர் தெருவைக் கடந்து போய்க் குனிந்தார்.

இப்போதும் பெருநாளுக்கு முன் கடைத்தெருவில் எல்லோரும் ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆஸிமுக்குப் பாதி டப்பா போதும். மீதியை ஜெக்கரியா வாங்கிக்கொள்கிறார்.