மூலைக்கு மூலை பிரிந்து

வலது காலுறை ஏறிவிட்டது. இடது காலுறைதான் குதிகாலைத் தாண்ட மறுத்தது. பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் பாதத்தைக் கையில் ஏந்தியபடி சாரா மண்டியிட்டிருந்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், உடைந்து தோல் உரிந்த கொப்புளம். கோட்டும் டையும் வெள்ளைக் கையுறையுமாக மாப்பிள்ளை போலக் கிடந்தவருக்குப் பாதம் மட்டும் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"வுடு, நான் போடறேன்" என்றான் அண்ணன் நோயல்.

அவள் விடவில்லை.

அப்பா சாலமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக நினைவு தப்பிவிட்டது. நோயலைத் தம்பி என்பார், சில நாள் மேஸ்திரி என்பார். சனிக்கிழமை மத்தியானம் நோயல் வாசலில் ஆட்டோ கழுவப் போன நேரத்தில் ராயபுரம் வீட்டை விட்டு இறங்கிப் போய்விட்டார். நோயல் முதலில் போன் செய்தது பெங்களூரிலிருக்கும் தங்கைக்குத்தான். அந்த வீட்டில் எதுவானாலும் அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள். கக்கூஸ் கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதுகூட அவள் சொல்லித்தான் முடிவானது. படித்த பெண் அல்லவா!

அவள் கணிதத்தில் படித்ததும் இப்போது பாடம் எடுப்பதும் திக்கில்லாமல் நடக்கும் புள்ளிகளைப் பற்றி. ஒரு புள்ளி, காசு சுண்டிப் போட்டதுபோல, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒவ்வொரு அடியாக வைக்கும். தனியாக இருக்கும்வரை எவ்வளவு நேரம் நடந்தாலும் புறப்பட்ட இடத்தைவிட்டு அதிக தூரம் போகாது. அதுவே நடக்க நடக்க இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தனித்தனியே நடந்து மறுபடி பிரிந்து கிளைத்தால், கூட்டத்தில் ஏதாவது ஒன்று எட்டாத தூரத்தையும் எட்டிவிடும். இதை வைத்து அவள் எழுதிய கட்டுரைகளுக்கு வெளிநாட்டில் நல்ல பெயர்.

போனில் அதையேதான் சொன்னாள். "அவருக்கு எங்க போறோம்னே தெரியாதுண்ணா. அப்படி நடக்கறவங்க சுத்திச் சுத்தி வீட்டுப் பக்கமேதான் இருப்பாங்க. நீங்க ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டா பிரிஞ்சு தேடுங்க. சிக்கிடுவார்."

"எண்ணூரு பக்கம் ஒரு ரவுண்டு வுட்டுப் பாக்கட்டா? நீ அங்க ஸ்கூல்ல வேல செஞ்சப்ப நைனா உனுக்குச் சோறு எத்துகினு போவும்ல?"

"அதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமா? டைம் வேஸ்ட் பண்ணாதண்ணா."

நோயலுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தங்கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்டோவை நிறுத்திவிட்டான்.

மறுநாள் விடிகாலையில் எண்ணூர் போகும் வழியில், எர்ணாவூர் தாண்டி, கடலோரக் கருங்கற்களில் சாய்ந்து உட்கார்ந்தபடி கிடைத்தார். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மடியில் டிபன் பாக்ஸ். உள்ளே வேகாத அரிசி, மேலே ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். எங்கேயும் சுற்றவில்லை மனிதர். மகளுக்குச் சாப்பாடு கொடுக்க நேராக நடந்திருக்கிறார். சாராவின் கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பெற்ற தகப்பனைப் புள்ளியாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

பெங்களூரிலிருந்து வந்த சாராவிடம் டிபன் பாக்ஸைக் காட்டியபோது நோயல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கழுவாமல் சமையலறைத் தட்டில் வைத்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

காலுறை ஒருவழியாக ஏறியது. அப்பாவைப் பெட்டியில் வைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினார்கள். நோயலின் கூட்டாளி ரஷீது அருகில் வந்து, "நீ சொன்ன மாரியே மூலைக்கு மூல பிரிஞ்சி தேடினோம்மா. ஒரு சந்து வுடல" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அத்தை செல்லக்கனி ஆரம்பித்தாள். "ஏன்டா நோயலு, பெத்தவனக் காணம்னா நாலாபக்கமும் போவ வேணாவா? வண்டிய வூட்டாண்டயே போட்டுகினு இந்தச் சந்துக்குள்ளயே சுத்திகினு இருந்தியாமே! எண்ணூருக்கு எத்தினி வாட்டி நடந்த மனுசன், உனுக்குத் தெரியாதா?"

கூட்டம் நோயலைப் பார்த்தது.

"தோணல அத்த" என்றான் அவன்.

சாரா வாயைத் திறக்கவில்லை. இந்தச் சந்துக்கே அவள்தான் பெருமை. தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்பாவின் பெயருக்குக் கீழேயே முனைவர் சாரா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்ததற்கு ஒரு வெட்கம், இப்போது கல்லாக நிற்பதற்கு இன்னொன்று.

பங்குச் சாமியார் ஜெபம் முடித்தார். ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள். நோயல் குனிந்தபோது, "இப்ப அழு" என்றாள் அத்தை. மூடியைத் தூக்கிவிட்டார்கள்.

"இருங்க" என்றாள் சாரா. குரல் கீச்சென்று வந்தது. "அண்ணன் எண்ணூர் போறேன்னுதான் சொல்லிச்சு. நான்தான் வேணாம்னு தடுத்தேன். எல்லாம் என்னாலதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை வந்து அவள் கன்னத்தை வழித்தாள்.

"பாத்தியாடா? உம்மேல பழி வரக்கூடாதுன்னு புள்ள அத தன் தலைல போட்டுக்குது. பட்ச்ச புள்ள பட்ச்ச புள்ளதான். நீ வுடு கண்ணு, எங்களுக்குத் தெரியாதா?"

"இல்லத்த, நெஜமாவே நான்தான்..."

"சரி சரி, அழுவாத. மூடியப் போடுங்கப்பா."

சாரா அண்ணனைப் பார்த்தாள். ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "நேரமாவுது" என்று அவன் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனான்.

காசிமேடு கல்லறைக்குக் கிளம்பினார்கள். முன்னால் பேண்டு, அடுத்து பெட்டி, பின்னால் ஜனம். கிளம்பும்போது சாரா சமையலறைக்குப் போய் டிபன் பாக்ஸை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நடக்கும்போது உள்ளே அரிசி சலசலத்தது.

"சனிக்கெழம இங்கதாம்மா மொதமொத ரெண்டா பிரிஞ்சோம்" என்று ரஷீது தெருமுனையில் கைகாட்டினான்.

நோயலின் தோளில் இருந்த பெட்டி அந்த மூலையில் வடக்கே, எண்ணூர்ப் பக்கமாகத் திரும்பியது. பின்னால் வந்த எல்லோரும் அதே பக்கம் திரும்பினார்கள்.