சிவப்புப் பாதம்

கிருபை டீச்சர் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். கார்பன் தடம் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடக் கூடாது என்று, அவரவர் வீட்டில் செலவாகும் கரண்ட், கேஸ், பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். பிறகு சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். குறைவாகப் புகை விடும் வீட்டுக்குப் பச்சைப் பாதம், அதிகமென்றால் சிவப்பு.

ரீனாவின் நோட்டில் டீசல் இரண்டாயிரம் லிட்டர் என்றிருந்தது. தருவைகுளத்தில் அவள் அப்பாவுக்கு விசைப்படகு. ஒருமுறை கடலுக்குப் போய்வர அவ்வளவு பிடிக்கும். படகைச் சேர்ப்பது சரியா என்று டீச்சர் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் பெரிய எண் ஒன்று இருந்தால் பாடம் மனதில் நிற்கும் என்று தோன்றிவிட்டது. இருப்பதிலேயே பெரிய சிவப்புப் பாதத்தை வெட்டி அவள் பெயருக்கு நேரே ஒட்டினார்.

"ஏளா, உலகத்தையே நீதான் சூடாக்குதியா?" என்று பின்பெஞ்சில் ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"உங்க பாதம் எங்க டீச்சர்?" என்று முன்பெஞ்சிலிருந்த அனுசியா கேட்டாள்.

"பாடத்தக் கவனி" என்று அவளை அடக்கிவிட்டார்.

நான்காம் நாள் ரீனாவின் அப்பா இஞ்ஞாசி வகுப்பு வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து டீச்சர் வராந்தாவுக்குப் போனார். அவரோ குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"டீச்சர், பிள்ள மீனத் தொடமாட்டேங்கா. போட்டக் கடலுக்கு எடுக்காதீங்கப்பான்னு அழுதா. நீங்க படிச்சவங்க. எத்தன லிட்டர் கொறைக்கணும்னு சொல்லுங்க. என்ன நம்பி எட்டுப் பேரு வேலைக்கு வாராங்க. பாதித் தூரத்துல மீன் கெடைக்காது. என்ன செய்யன்னு தெரியல."

குத்திக் காட்டும் பேச்சில்லை அது. உண்மையாகவே பதிலுக்காக நின்றார். டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. நாசரேத்திலிருந்து தினமும் தனியாளாக, ஏசி போட்ட காரில் வருகிறவர் அவர். அன்றைய சாப்பாட்டு டப்பாவில் இருந்ததோ சீலா மீன் வறுவல். அந்த மீனுக்கு எரிந்த டீசல் யார் பெயரில் ஏற வேண்டியது?

"தப்பு உங்க மேல இல்ல அண்ணாச்சி. என் மேலதான்."

"அத எம்பிள்ளட்ட சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா நம்பமாட்டா."

டீச்சர் உள்ளே வந்தார். ரீனா தலை குனிந்தே இருந்தாள். டீச்சர் சார்ட்டிலிருந்து அந்தச் சிவப்புப் பாதத்தைப் பிய்த்தெடுத்தார்.

"ரீனா அப்பா எரிக்கிற டீசல் அவங்க வீட்டோடது மட்டுமில்ல. அந்த மீனத் தின்ன எல்லாரோடதும். நானும் தின்னிருக்கேன். இத இவ பேர்ல ஒட்டுனது என் தப்பு. அன்னைக்கு உங்களோட சேந்து சிரிச்சேன் பாத்தீங்களா, அது அதவிடப் பெரிய தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் தன் காரின் பெட்ரோல் கணக்கைப் போர்டில் எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அப்படியே வந்தும் சேர்ந்தார், பத்து நிமிடம் தாமதமாக.

அன்று ரீனா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் இன்னும் இறுக்கம் இருந்தது.

"இஞ்சின ஒழுங்கா சர்வீஸ் பண்ணி, போட்டோட அடியில ஒட்டுன சிப்பியச் சொரண்டுனா டீசல் கொறையும்னு அப்பா சொல்லுதாங்க. எவ்வளவு கொறையும் டீச்சர்?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் டீச்சர். "விசாரிச்சுச் சொல்லுதேன்."